புதுப்பிப்பு: குற்றவியல் நீதியைத் துணைப்பாடமாக எடுத்த பிறகு

உளவியலை முதன்மைப் பாடமாகப் படிக்கும் நான், குற்றவியல் நீதியைத் துணைப்பாடமாகச் சேர்ப்பது பயன் தருமா என்று முன்பு கேட்டிருந்தேன்; புள்ளியியலைத் தவிர்க்காமல் படித்தால் பயனுண்டு என்று பலர் கூறியதை ஏற்றுச் சேர்ந்துவிட்டேன்.

காவல், நீதிமன்றம், சிறை ஆகியவற்றை அறிமுகப் பாடம் விரைவாகவே கடந்தது. என்னை ஈர்த்தது ஆராய்ச்சி முறைப் பாடம். அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 1972-73இல் நடந்த சோதனையில், 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்து, ஐந்தில் அழைப்பு வந்தால் மட்டும் காவலர் செல்லுமாறும், ஐந்தில் ரோந்தை இரண்டு மூன்று மடங்காக்கியும், மற்ற ஐந்தில் வழக்கம்போலவும் விட்டுப் பார்த்தபோது, குற்றங்களின் அளவிலோ மக்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. தன் அன்றாட நடைமுறையையே அளந்து பார்க்க ஒரு காவல்துறை முன்வந்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும், பகுதிகள் இவ்வளவு குறைவாக இருக்கையில் சிறிய விளைவுகள் புலப்படாமலே போகலாம் என்ற விமர்சனமும் வலுவானது. அதை எடைபோடப் புள்ளியியல்தான் உதவியது.

அடுத்த பருவத்தில் நேரில் கண்ட சாட்சிகளின் நினைவாற்றல் பற்றிய பாடத்தைத் தேர்ந்திருக்கிறேன். என் இரு துறைகளும் அங்கேதான் மிக நெருக்கமாகச் சந்திக்கின்றன.