மேல் மாடி அறைக்கு எத்தனை டன் ஏசி? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மதுரை, ஏசி சர்வீஸ் வேலை பார்க்கிறேன்:

மே மாசம் எனக்கு வருகிற போனில் பாதி "கேஸ் போயிடுச்சு, வந்து பாருங்க" என்றுதான் வரும். எல்லீஸ் நகர் பக்கம் ஒரு வீட்டு மேல் மாடி. "தம்பி, போன வாரம்தான் ஒருத்தர் வந்து கேஸ் நிரப்பிட்டுப் போனார். அப்பவும் குளிரலையே" என்றார் அந்த அம்மா. பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரு டன் ஏசி. ராத்திரி பத்து மணிக்கும் அறையில் 29 டிகிரி.

உள்ளே இழுக்கிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் தெர்மாமீட்டர் பிடித்தேன். 12 டிகிரி வித்தியாசம். மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் கை வைத்தால், அந்த நேரத்திலும் உள்ளங்கையில் சூடு ஏறுகிறது. மேற்குச் சுவரும் அப்படியே. பகலெல்லாம் வெயில் வாங்கின கான்கிரீட், இருட்டின பிறகுதான் அந்தச் சூட்டை உள்ளே இறக்கும். கீழ் வீட்டிலும் அதே அளவு அறை, அதே ஒரு டன்தான். அங்கே போர்வை கேட்கிறது.

"120 சதுர அடிக்கு ஒரு டன்" என்று கடையில் சொல்கிற கணக்கு கீழ் வீட்டுக்குச் சரி. ஒரு டன் ஏசி என்றால் சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும். அந்த வெப்பம் தரையிலிருந்தா வருகிறது? கூரையிலிருந்தும் மேற்குச் சுவரிலிருந்தும் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளே தலைக்கு 100 வாட்டுக்கு மேல் விடுவார். மேலே மொட்டை மாடி, பக்கத்தில் மேற்குச் சுவர் என்றால் புதிதாக வாங்குகிறவர்களுக்கு அரை டன் கூட்டித்தான் சொல்வேன்.

ஆனால் அந்த அம்மாவைப் புது ஏசி வாங்கச் சொல்லவில்லை. மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்புகிற வெள்ளை பெயிண்ட், மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி, இவ்வளவுதான். தட்டி வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே திரை போட்டால், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு தடுக்கிற கதை. வேலை முடிந்து போன் செய்தார்: "தம்பி, இப்பல்லாம் ராத்திரி ரூம் குளிர்ந்து ஏசி அதுவா கட் ஆகுது."

சென்னை, திருவான்மியூர்:

எங்களுக்கு நேர் எதிர். வாடகை வீடு, 110 சதுர அடி அறை. ஓனர் மாட்டியிருந்தது 2 டன், இன்வெர்ட்டர் (தேவைக்கு ஏற்ப கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை) இல்லாத பழைய மாடல். போட்ட கொஞ்ச நேரத்தில் சில்லென்று ஆகி கட் ஆகிவிடும். ஆனால் உடம்பு பிசுபிசுக்கும், பெட்ஷீட் நமத்துப்போன மாதிரி இருக்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அது ஏசிக்குள் இருக்கிற குளிர்ந்த காயிலில் பட்டுத் தண்ணீராக வடிய வேண்டுமானால் கம்ப்ரஸர் நீண்ட நேரம் ஓட வேண்டும், இதுவோ ஓடுவதே இல்லை. இப்போது இருக்கிற வீட்டில் ஒரு டன் இன்வெர்ட்டர். மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கிறது. பைப்பில் தண்ணீர் விடாமல் சொட்டி, காலையில் வாளி நிறைகிறது. பெரிசா வாங்கினால் நல்லது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

கோவை:

ஹாலுக்கு வாங்குகிறவர்கள் சமையலறைக்குக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இல்லை. அடுப்புச் சூடும் ஃபிரிட்ஜ் சூடும் ஹாலுக்கு வந்தன. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலோ குளிர்ந்த காற்றெல்லாம் வெளியே போனது. ஸ்லைடிங் கதவு போட்டதும் அதே ஒன்றரை டன் போதுமானதாகிவிட்டது.

இன்னொன்று: ஒன்றரை டன் என்றால் கணக்குப்படி 5,275 வாட். கடையில் அந்தப் பெயரில் நிற்கிற பல மாடல்களில் 5,000 வாட்டுக்கும் குறைவு. ஸ்டார் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும், படித்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள்.