சிங்கிளில் வரும் கரகரப்பு: பதிவா, அச்சுக் கோளாறா?

இத்தாலியில் டூரின் நகரத்து கராஜ் பங்க் (கரடுமுரடான ராக் இசை) குழு ஒன்றின் 7 இன்ச் வினைல் சிங்கிளை, அதாவது சிறிய இசைத்தட்டை, போன மாதம் வரவழைத்தேன். முதல் பக்கம் அபாரம். ஃபஸ் கிட்டாருக்கு (ஒலியைக் கரகரப்பாக்கிய கிட்டார்) அடியில் ஃபார்ஃபிஸா எலக்ட்ரானிக் ஆர்கன் கீச்சிடுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. இரண்டாம் பக்கத்தில், முள் நடு லேபிளை நெருங்கும்போது பாடகரின் ‘ஸ’ எல்லாம் ‘ஷ்ஷ்’ என்று சிதறுகிறது. விமர்சகர்களில் ஒருவர் இந்தக் கரடுமுரடுதான் உயிர் என்கிறார், இன்னொருவர் குரலே அமுங்கிவிட்டது என்கிறார். தட்டின் எந்த அச்சுப் பதிப்பைக் கேட்டார்கள் என்று இருவருமே எழுதவில்லை. அதுதானே முக்கியம்!

பிளேயர் ஆடியோ டெக்னிகா எல்பி120எக்ஸ், முள் பொருத்திய கார்ட்ரிட்ஜ் விஎம்95இ, முள் தட்டை அழுத்தும் எடை 2 கிராம். தட்டைக் கழுவி, முள்ளைத் துடைத்து, கார்ட்ரிட்ஜ் அமர்ந்திருக்கும் கோணத்தையும் (அலைன்மென்ட்) சரிபார்த்தாயிற்று. முள் உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி ஸ்கேட்டிங் அளவை மாற்றியும் பலனில்லை. மற்ற 45 ஆர்பிஎம் சிங்கிள்கள் கடைசி வரை சுத்தமாக ஓடுகின்றன.

வேண்டுமென்றே பதிவு செய்த கரகரப்பையும் அச்சுக் கோளாறையும் எப்படிப் பிரித்தறிவது?