செட்டிநாடு ஓடுதளம்: விமானத் தகட்டைப் பாதுகாப்பது எப்படி?

வளவுவாசி: இரண்டாம் உலகப்போர்க்கால ஓடுதளத்துப் பக்கம் கிடைத்ததாம், ஒரு அலுமினியத் தகடும் டயல் மீட்டரும் எங்கள் குழுவுக்கு வந்திருக்கு. இரும்பு போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி. புளி போட்டுத் துலக்கலாமா?

ரிவெட்: வேண்டவே வேண்டாம். புளி பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, அலுமினியத்தை அரிக்கும். கம்பி பிரஷும் கூடாது. பெயின்டோடு முத்திரையும் போயிடும். முதலில் சாய்வான வெளிச்சத்தில் போட்டோ எடுங்க. பாக எண் 32 என்று தொடங்கினால் லிபரேட்டர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் பாகமாக இருக்க வாய்ப்பு. 32 என்பது அதைத் தயாரித்த கன்சாலிடேட்டட் நிறுவனம் அந்த விமானத்துக்கு வைத்த மாடல் எண்.

பெயின்ட் இல்லாத இடத்தை டிஸ்டில்டு வாட்டர், மெல்லிய பிரஷ் கொண்டு கழுவுங்க. கழுவிய நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்க. வெள்ளையாகக் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கு, மறுபடி கழுவணும். நன்றாகக் காய்ந்தபின் மைக்ரோகிறிஸ்டலின் மெழுகு, மெல்லிசாக. போல்ட்டைப் பிடுங்காதீங்க. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும், அதனால் அந்த இடம் எப்போதும் உலர்ந்திருக்கணும்.

கண்டாங்கி: வளவுச் சுவரில் சாய்த்து வைக்காதீங்க. சுவரின் ஈரச் சுண்ணாம்பில் உள்ள காரத்தன்மையும் அலுமினியத்தைத் தின்னும். இடையில் பாலிஎத்திலீன் ஃபோம் வைங்க.

மீட்டர்தான் எனக்குக் கவலை. எண்கள் இருட்டில் ஒளிராவிட்டாலும் அவற்றின் பெயின்டில் கதிர்வீச்சு விடும் ரேடியம் இருக்கலாம்; அது பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டு ஆகும். கண்ணாடியைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது. கதிர்வீச்சை அளக்கும் கைகர் கவுன்டர் வைத்துப் பார்க்கும்வரை காட்சிக்கே வேண்டாம்.

ரிவெட்: ஆமா. தோட்டா, குண்டு மாதிரி ஏதாவது வந்தால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்க.