புதுப்பிப்பு: சபைக் கூரை வேலை, வக்கீல் சொன்னது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சபையின் கூரை வேலையை, இயக்குநராக இருக்கும் மாமா ஒருவர் தன் மகனுக்கே கொடுத்துவிட்டார், நஷ்டத்தைத் திரும்பக் கேட்கலாமா என்று போன மாதம் எழுதியிருந்தேன். கேட்கலாம். சபை லாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவானது, அதனால் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் அவருக்கும் பொருந்தும். 75ஆம் பிரிவுப்படி, மகனுக்கு அதில் வருமானம் என்பதைச் சொல்லிவிட்டு உடனே கூட்டத்திலிருந்து எழுந்து போயிருக்க வேண்டும். மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினோம். முன்மொழிந்தவர் இடத்தில் அவர் கையெழுத்து. வயிறு எரிந்தது. சபைக்கு வந்த நஷ்டத்துக்கு 77ஆம் பிரிவில் அவரே பொறுப்பு. வழக்குப் போட 3 வருடம் கெடு, எங்களுக்கு இன்னும் 5 மாதம் இருக்கிறது. அப்புறம், சம்பளம் வாங்காமல் உழைத்தவராயிற்றே என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தப் பணம் பாட்டிமார் முறுக்கு சுட்டு விற்றுச் சேர்த்தது. நாளை நோட்டீஸ் போகிறது.