புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. வயது 58, கோபி பக்கம் மஞ்சள் விவசாயம். புற்றுநோய்க்காக புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்து ஏழெட்டு மாதம் ஆகிறது. பி.எஸ்.ஏ. (புற்றுநோய் திரும்புகிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை) அளவு நன்றாக இருக்கிறது, அதில் கவலை இல்லை.

சிறுநீர்க் கசிவு நிறையக் குறைந்துவிட்டது. ஆனால் தும்மினாலோ மூட்டை தூக்கினாலோ ஒழுகுகிறது. இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி செய்கிறேன். சரியான தசையைத்தான் இறுக்குகிறேனா என்று தெரியவில்லை. ஈரோட்டிலோ கோவையிலோ இதைக் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட் யாராவது உண்டா?

அப்புறம், ஆண்கள் வெளியே பேசாத விஷயம். விறைப்பு வருவதில்லை. உச்சம் வருகிறது, விந்து வராது. விந்துப்பையையும் சேர்த்தே எடுப்பதால் இனி வராதாம். அது சரி. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியை ஒட்டியே போவதால், அவற்றைக் காப்பாற்றியிருந்தாலும் மீள ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம் என்றார் டாக்டர். டடாலஃபில் மாத்திரை கொடுத்திருக்கிறார். (நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் தயவுசெய்து இதைத் தொடாதீர்கள், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.) மாத்திரை போதாவிட்டால் ஆணுறுப்பில் வைத்து இரத்தத்தை இழுக்கும் வேக்குவம் பம்ப், இல்லையென்றால் ஆணுறுப்பிலேயே போடும் ஊசி என்கிறார். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்க: வலிக்குமா, பழகிவிடுமா?

வீட்டுக்காரம்மா, "நீங்க நல்லா இருந்தாப் போதுமுங்க" என்கிறார். மனதாரத்தான் சொல்கிறார். நான்தான் விலகிப் படுக்கிறேன், அது அவரை வாட்டுகிறது. மனைவியிடம் இதை எப்படிப் பேச ஆரம்பித்தீர்கள்? இங்கே எழுதக் கூச்சமாக இருந்தால் தனியாகச் செய்தி அனுப்புங்க. இதே நிலையில் இருந்தவர்களின் மனைவிமார் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.