மறு: ஆர்மொலு – ‘தங்கமுலாம்’ போதுமா?

வணக்கம். பழைய பிரெஞ்சுக் கடிகாரங்களில் காணும் ‘ஆர்மொலு’ (ormolu) என்ற பொன்முலாம் பூச்சை அருங்காட்சியக அட்டவணையில் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘தங்கமுலாம் பூசிய வெண்கலக் கடிகாரம்’ என்று விட்டுவிடலாமே?

பேச்சுக்குச் சரி, அருங்காட்சியக அட்டவணைக்கு ஆகாது. இன்று தங்கமுலாம் என்றால் மின்சாரத்தால் பூசும் மின்முலாம்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் எல்கிங்டன் அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1840-இல்தான். பதினாறாம் லூயி, நெப்போலியன் காலத்துப் பாரிஸ் கடிகாரங்களில் இருப்பது வேறு வேலை. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெண்ணெய்ப் பதத்தில் ரசக்கலவை ஆக்குவார்கள். அதைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் உலோகத்தில் தடவிக் கரியடுப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் தங்கிவிடும். அப்புறம் வேண்டிய இடத்தை மட்டும் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பதுமையின் தோல் மங்கல், ஆடையின் கரை பளபளப்பு என்று ஒரே சிலையில் இரண்டு தங்கம் தெரியும். அந்த மங்கல் பூச்சில் பேர் எடுத்தவர் கூத்தியேர் என்ற பாரிஸ் முலாம்காரர்.

> ‘தீமுலாம்’ சுருக்கமாக இருக்கிறது.

இருக்கிறது. ஆனால் அதில் தீ உண்டே தவிர, ஆளைக் கொன்ற பொருள் இல்லை. ரசப்புகையால் முலாம்காரர்கள் கைகால் நடுங்கி, பல் போய், இளவயதிலேயே செத்தார்கள். 1814-இல் இறந்த ராவ்ரியோ என்ற பாரிஸ் வெண்கலக் கலைஞர், இதற்கு வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று உயிலே எழுதிவைத்தார். புகையை மேலே இழுத்துவிடும் உலை அமைத்து 1818-இல் அதைப் பெற்றவர் தார்சே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். இவ்வளவு நடந்த தொழிலின் பெயரில் பாதரசம் இல்லாமல் எப்படி?

எனவே என் முன்மொழிவு ரசப்பொன்முலாம். வெறும் ‘ரசமுலாம்’ என்றால் கண்ணாடிக்குப் பூசும் ரசம் நினைவுக்கு வரும். ‘பொன்’ சேர்த்தால் குழப்பமில்லை. சாப்பாட்டு ரசம் என்று கிண்டல் வரும், வரட்டும். ரசவாதம் என்கிறோம், யாரும் சிரிப்பதில்லை.

அட்டவணையின் மற்றச் சொற்கள் எளிது. பழைய கிரேக்க, ரோமானியக் கலையைப் பின்பற்றும் நியோகிளாசிக்கல் பாணிக்குப் புதுச்செவ்வியல். கணப்புக்கு மேலே வைப்பது என்பதால் கணப்புமேடைக் கடிகாரம். ‘அடுப்புமேடை’ வேண்டாம், சமையல்கட்டு ஆகிவிடும். அட்டவணையில் இப்படி வரும்:

புதுச்செவ்வியல் பாணிக் கணப்புமேடைக் கடிகாரம், ரசப்பொன்முலாம் பூசிய வெண்கலம், பாரிஸ், சுமார் 1785.

இதில் ‘வெண்கலம்’தான் எனக்கு உறுத்துகிறது. தார்சே பரிந்துரைத்த கலவையில் செம்பும் துத்தநாகமும்தான் அதிகம், தகரம் கொஞ்சம். நம் கணக்கில் அது பித்தளைப் பக்கம். பிரெஞ்சுக்காரர்களே வெண்கலம் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன். உலோகம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.