சீடர் (cedar) மர வேலி மேல் குவிந்த ஸ்னோவைத் தட்டிவிடலாமா?

ஸ்காபரோ வளவு:
வணக்கம். நேற்று ஈர ஸ்னோவாகக் கொட்டத் தொடங்கி, விடியும்போது மைனஸ் 18க்குப் போய்விட்டது. முன்னால் இருக்கும் சீடர் வேலி நடுவில் பிளந்து சாய்ந்து நிற்கிறது. பின்வளவில் ஒக்டோபரில் ஊன்றிய உள்ளி (வெள்ளைப்பூண்டு) பாத்தி முழங்கால் அளவு ஸ்னோவுக்குள். உள்ளி அழுகிவிடுமா, ஸ்னோவை வழித்து எடுத்துவிடவா? இந்த வீட்டில் இதுதான் முதல் விண்டர்.

உள்ளிக்காரன்:
பாத்தியில் கை வைக்காதீர்கள். புது ஸ்னோவில் பெரும்பகுதி காற்றுதான், அதனால் மண்ணுக்கு அது போர்வை மாதிரி. மேலே மைனஸ் 18 என்றாலும் அவ்வளவு ஸ்னோவுக்குக் கீழே மண் பூச்சியத்தை ஒட்டித்தான் இருக்கும். என் உள்ளியைக் கெடுத்தது ஸ்னோவே இல்லாத ஒரு ஜனவரி. பகலில் மண் இளகும், இரவில் இறுகும், இப்படியே மாறி மாறி நடந்ததில் பற்கள் மேலே தள்ளப்பட்டு, மார்ச்சில் போய்ப் பார்த்தால் வெள்ளை வேர் வெளியே தெரியக் கிடந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரும் ஒரு சாண் வைக்கோல் போட்டுவிடுகிறேன்.

மார்க்கம் அக்கா:
தம்பி, சீடரை இப்போது உலுப்ப வேண்டாம். ஈரமாக விழுந்து இறுகிவிட்டது, இந்தக் குளிரில் கிளை சட்டென்று முறியும். மேலே பொலபொலவென்று கிடப்பதை மட்டும் தும்புத்தடியால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தூக்கிவிடுங்கள், மேலிருந்து அடிக்கவே கூடாது. மற்றது வெயில் பட்டுத் தானாக இறங்கட்டும். ஏப்ரலில் நிமிர்த்தி, துணிப் பட்டியால் சேர்த்துக் கட்டலாம். அடுத்த முறை ஸ்னோ வருமுன்பே கயிறு சுற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. டிரைவ்வேயில் உப்புப் போட்டு வழிக்கும் ஸ்னோவைச் சீடர் அடியில் குவிக்கிறீர்களா? எங்கள் வேலியில் ரோட்டுப் பக்கம் மட்டும் இடுப்பளவுக்குப் பழுப்பாகக் கருகியது அந்த உப்பால்தான். வழுக்காமல் இருக்க மணல் போதும்.

ஸ்காபரோ வளவு:
ஐயோ அக்கா, இரண்டு வாரமாக அங்கேதான் குவிக்கிறேன்! இன்றே அள்ளி வேறு பக்கம் போடுகிறேன். உள்ளியைத் தொடவில்லை அண்ணா.

உள்ளிக்காரன்:
நல்லது. சின்ன ஆப்பிள் கன்று ஏதும் இருந்தால் அதையும் போய்ப் பாருங்கள். முயல் ஸ்னோ மேல் ஏறி நின்று, கம்பிவலைக்கு மேலே பட்டையைக் கடிக்கும், சுற்றிவரக் கடித்துவிட்டால் மரம் தப்பாது. வலையை இன்னும் இரண்டடி உயர்த்துங்கள்.